ஓப்பன் ஹார்ட்வேர்: மூடியைத் திறந்தால் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கிய ஓரிரு மாதங்களுக்குள் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். பயர்பாக்ஸ் பிரவுசர், லிப்ரே ஆபீஸ், வி.எல்.சி. பிளேயர், லினக்ஸ் என்று பல சாப்ட்வேர்களை இந்தப் பெயரில் சொல்வார்கள். இவற்றின் புரோகிராம் வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், காப்பி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

இதே 'ஓப்பன்' இப்போது ஹார்ட்வேர் பக்கமும் வந்துவிட்டது. பையனின் பள்ளி புராஜெக்டுக்காக ஒரு சின்ன சர்க்யூட் போர்டு வாங்கக் கடைக்குப் போனால், 'இது ஓப்பன் சார், அதனால்தான் விலை கம்மி' என்கிறார் கடைக்காரர். 3டி பிரிண்டர் விளம்பரத்திலும் இதே சொல். புதிதாக வரும் பிராசசர் பற்றிய செய்தியிலும் இதே சொல். மூன்று இடத்திலும் அதன் பொருள் ஒன்றுதானா? இல்லை. இந்தக் குழப்பத்தில் சிக்காமல் இருக்க, எதை ஓப்பன் ஹார்ட்வேர் என்று சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை இந்த மாதம் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு அடிப்படைச் சந்தேகம். சாப்ட்வேரை காப்பி செய்வது எளிது. பென் டிரைவில் போட்டால் முடிந்தது. கையில் பிடிக்கும் ஒரு பொருளை எப்படி காப்பி எடுப்பது? எடுக்க முடியாதுதான். இங்கே ஓப்பனாக இருப்பது பொருள் அல்ல, அதன் டிசைன். அந்தப் பொருளை எப்படிச் செய்வது என்று காட்டும் படங்கள், அளவுகள், உதிரி பாகங்களின் பட்டியல் ஆகியவைதான் எல்லோருக்கும் திறந்து வைக்கப்படுகின்றன. பொருளுக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஓப்பன் என்றால் இலவசம் என்று யாராவது சொன்னால், ஹார்ட்வேரைப் பொறுத்தவரை அது சரியல்ல.

கேபினட்டைத் திறக்கலாம், அதனால் என்ன?

அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் உடனே கேட்பார்கள்: 'என் கம்ப்யூட்டரின் கேபினட்டை நானே திறக்கிறேன். ராம் ஒரு கம்பெனி, ஹார்ட் டிஸ்க் வேறு கம்பெனி, மதர்போர்டு மூன்றாவது கம்பெனி. எதையும் மாற்றிக் கொள்ளலாம். அப்படியானால் இதுவும் ஓப்பன்தானே?'

இல்லை. இது ஓப்பன் ஸ்டாண்டர்டு, அதாவது பொதுவான அளவு. உங்கள் கேபினட்டில் எந்த கம்பெனியின் மதர்போர்டும் பொருந்துவதற்குக் காரணம், ஸ்குரூ துளைகள் எங்கே இருக்க வேண்டும், பவர் சப்ளையின் பிளக் எப்படி இருக்க வேண்டும் என்பதை 1995ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற பெயரில் வரையறுத்து வெளியிட்டதுதான். வீட்டு பல்பு ஹோல்டரை நினைத்துக் கொள்ளுங்கள். எந்த கம்பெனி பல்பும் அதில் மாட்டும். ஆனால் பல்பை எப்படித் தயாரிப்பது என்று ஹோல்டர் சொல்லித் தருவதில்லை. மதர்போர்டும் அப்படித்தான். சுற்றியுள்ள அளவுகள் பொது. உள்ளே ஓடும் சர்க்யூட் அந்தந்த கம்பெனியின் ரகசியம்.

லேப்டாப் மதர்போர்டு சர்வீஸ் செய்பவர் யாராவது பழக்கம் என்றால் கேட்டுப் பாருங்கள். குறிப்பிட்ட மாடலின் சர்க்யூட் படம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பார். அந்தப் படம் கம்பெனியிடமிருந்து பெரும்பாலும் கிடைக்காது. அதனால்தான் சின்ன பாகம் ஒன்று போனதற்கு முழு போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். டிசைன் ஓப்பனா இல்லையா என்பது நம் பர்ஸைத் தொடுவது இந்த இடத்தில்தான்.

படம் கிடைத்தால் மட்டும் போதுமா?

சரி, சர்க்யூட் படத்தை கம்பெனியே கொடுத்துவிட்டால் அது ஓப்பன் ஹார்ட்வேர் ஆகிவிடுமா? இதற்குப் பதில் சொல்ல, நம் எல்லோருடைய பி.சி.க்கும் மூதாதையான கம்ப்யூட்டரிடம் போக வேண்டும்.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டது. எல்லாவற்றையும் தானே தயாரித்துப் பழகிய அந்த கம்பெனி, இந்த முறை அவசரம் காரணமாகக் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே கம்ப்யூட்டரைக் கட்டியது. பிராசசர் இன்டெல் கம்பெனியின் 8088. ஆப்பரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாப்ட் கொடுத்தது. மற்ற கம்பெனிகள் இதற்கு கார்டுகள் தயாரித்து விற்கட்டும் என்பதற்காக ஐ.பி.எம். ஒரு டெக்னிக்கல் கையேட்டையும் விற்றது. அதில் முழு சர்க்யூட் படமும் இருந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் புரோகிராமின் எல்லா வரிகளும் அச்சாகி இருந்தன. இன்றைய எந்தப் பெரிய கம்பெனியும் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் ஐ.பி.எம். பி.சி.யைத் தயாரித்திருக்கலாமே? பாகங்கள் கடையில் கிடைத்தன, சர்க்யூட் கையில் இருந்தது. ஆனால் பயாஸ் வரிகளுக்கு ஐ.பி.எம். காப்பிரைட் வைத்திருந்தது. அச்சில் இருந்ததைப் படிக்கலாம். எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

1982 நவம்பரில் தன் போர்ட்டபிள் கம்ப்யூட்டரை அறிவித்த காம்பேக் கம்பெனி இதற்கு ஒரு வழி செய்தது. ஒரு குழு ஐ.பி.எம். பயாஸை ஆராய்ந்து, அது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. ஐ.பி.எம். வரிகளைக் கண்ணாலும் பார்த்திராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிய பயாஸை எழுதியது. பார்த்தவர் எழுதவில்லை, எழுதியவர் பார்க்கவில்லை. எனவே காப்பி என்று வழக்குப் போட முடியாது. 1984ல் பீனிக்ஸ் என்ற கம்பெனி இதே முறையில் ஒரு பயாஸைத் தயாரித்து, கேட்ட கம்பெனிகளுக்கெல்லாம் விற்றது. அதன் பிறகுதான் ஐ.பி.எம்.முக்கு ஒத்துப் போகும் கம்ப்யூட்டர்கள் உலகெங்கும் பெருகின. விலையும் இறங்கியது.

படம் கையில் இருப்பது வேறு, அனுமதி கையில் இருப்பது வேறு என்பது இந்தக் கதையில் தெளிவாகத் தெரிகிறது. முழு சர்க்யூட்டையும் அச்சிட்டுக் கொடுத்த ஐ.பி.எம். பி.சி. ஓப்பன் ஹார்ட்வேர் அல்ல. பார்க்கும் அனுமதி மட்டுமே அதில் இருந்தது. 'டிசைனை வெளியிட்டிருக்கிறோம்' என்று யாராவது சொன்னால், அதை வைத்து நான் என்ன செய்யலாம் என்று அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

வரையறை எப்போது வந்தது?

'ஓப்பன் ஹார்ட்வேர்' என்ற பெயர் ஆரம்பத்தில் இன்றுள்ள பொருளில் வழங்கவில்லை. 1997ல் புரூஸ் பெரன்ஸ் என்பவர் இந்தப் பெயரில் ஒரு சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கினார். இவர் டெபியன் லினக்ஸ் குழுவில் இருந்தவர். ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேருக்கான வரையறையை எழுதியவர். ஹார்ட்வேருக்கு அவர் கேட்டது சிறிய விஷயம்தான். ஒரு பிரிண்டரையோ கார்டையோ லினக்சில் இயக்க டிரைவர் எழுத வேண்டும். அதற்குத் தேவையான விவரங்களை மட்டும் கம்பெனி மறைக்காமல் கொடுக்கட்டும் என்றார். டிசைனைக் கொடு என்று அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு நிலைமை மாறியது. ஆர்டுயினோ போன்ற போர்டுகளைத் தயாரித்தவர்கள் டிசைனையே வெளியிடத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு விதமாக 'ஓப்பன்' என்று சொன்னதால், 2010ல் பலர் சேர்ந்து ஒரு பொது வரையறையை எழுத ஆரம்பித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் ஓப்பன் ஹார்ட்வேர் மாநாடு நடந்தது. 2011 பிப்ரவரியில் வரையறையின் 1.0 பதிப்பு வெளியானது. சாப்ட்வேருக்கு பெரன்ஸ் எழுதிய வரையறையே இதற்கும் அடித்தளம். 2012ல் தொடங்கப்பட்ட ஓப்பன் சோர்ஸ் ஹார்ட்வேர் அசோசியேஷன் என்ற அமைப்பு இதைப் பராமரித்து வருகிறது.

வரையறையில் 12 நிபந்தனைகள் உள்ளன. அவற்றின் சாரம் இதுதான்: ஒரு பொருளின் டிசைனை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், அதை வைத்துப் பொருளைத் தயாரிக்கலாம், தயாரித்ததை விற்கலாம். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அது ஓப்பன் ஹார்ட்வேர் அல்ல. பன்னிரண்டையும் வரிசையாகச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். எங்கே ஏமாற வாய்ப்பு உண்டோ அந்த இடங்களை மட்டும் பார்ப்போம்.

அளவு ஜாக்கெட் போதாது

முதல் இடம், எந்த வகை பைலைக் கொடுக்கிறார்கள் என்பது. தையல்காரரிடம் போவதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒரு ஜாக்கெட்டின் போட்டோவைக் காட்டினால், அதைப் பார்த்து ஏறக்குறைய அதே மாதிரி ஒன்றைத் தைப்பார். அளவு ஜாக்கெட்டையே கொடுத்தால் அதே அளவில் அச்சு அசலாக இன்னொன்று தைத்துவிடுவார். ஆனால் ஜாக்கெட்டை முதலில் வெட்டிய பேப்பர் பேட்டர்ன் கையில் இருந்தால்? கழுத்தை இறக்கலாம், கையை நீட்டலாம், அளவைக் கூட்டலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

சர்க்யூட் போர்டுக்கும் இந்த மூன்றும் உண்டு. பி.டி.எப். பைலாகக் கொடுக்கும் சர்க்யூட் படம் என்பது போட்டோ. போர்டு தயாரிக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பும் கெர்பர் பைல் என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் தாமிரக் கோடு வர வேண்டும், எங்கே துளை போட வேண்டும் என்பதை மெஷினுக்குச் சொல்லும் பைல் அது. அது அளவு ஜாக்கெட். அதே போர்டை ஆயிரம் செய்து கொள்ளலாம், ஆனால் திருத்துவது பெரும்பாடு. டிசைன் செய்தவர் தன் கம்ப்யூட்டரில் கீகேட், ஈகிள் போன்ற சாப்ட்வேரில் திறந்து வேலை செய்த பைல் இருக்கிறதே, அதுதான் பேப்பர் பேட்டர்ன்.

வரையறை கேட்பது இந்த மூன்றாவதைத்தான். மாற்றம் செய்ய வசதியான வடிவில் பைல் இருக்க வேண்டும், அதற்குப் பதிலாகத் தொழிற்சாலை பைலை மட்டும் நீட்டக் கூடாது, வேண்டுமென்றே புரியாதபடி குழப்பிக் கொடுக்கவும் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பைலைப் பெற நியாயமான காப்பிச் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. இன்டர்நெட்டில் இலவசமாக டவுன்லோட் செய்யும்படி வைப்பது நல்லது.

விற்கக் கூடாது என்றால் ஓப்பன் இல்லை

இரண்டாவது இடம், வியாபாரம். 'டிசைனை எடுத்துக் கொள்ளுங்கள், சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கக் கூடாது' என்று பலர் போடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உழைத்தவருக்கு வரும் லாபத்தை இன்னொருவர் தட்டிக் கொண்டு போகலாமா?

ஆனால் ஹார்ட்வேரின் இயல்பு வேறு. சாப்ட்வேரை நீங்களே காப்பி எடுத்துக் கொள்வீர்கள். சர்க்யூட் போர்டை நம்மில் எத்தனை பேர் வீட்டில் தயாரிக்க முடியும்? யாரோ ஒருவர் நூறு போர்டு செய்து விற்றால்தான் நாம் ஒன்று வாங்க முடியும். விற்பதற்குத் தடை போட்டால், ஓப்பன் என்பது பேப்பரில் மட்டுமே இருக்கும். முதல் கம்பெனி கடையைக் கட்டிவிட்டால் அந்தப் பொருளும் அதோடு போய்விடும். அதனால் இந்த விஷயத்தில் வரையறை பிடிவாதமாக இருப்பது சரி என்றே தோன்றுகிறது. லைசென்ஸ் பெயரில் 'நான் கமர்ஷியல்' என்றோ, சுருக்கமாக 'என்.சி.' என்றோ இருந்தால் அது ஓப்பன் ஹார்ட்வேர் அல்ல. அதைப் படித்துப் பாடம் கற்கலாம், தவறில்லை. பெயர் மட்டும் பொருந்தாது.

மூன்றாவது, உள்ளே ஓடும் சாப்ட்வேர். போர்டு டிசைன் முழுவதையும் கொடுத்துவிட்டு, அது இயங்கத் தேவையான புரோகிராமைப் பூட்டி வைத்தால் என்ன பயன்? எனவே அந்தப் புரோகிராமும் ஓப்பன் சோர்ஸாக இருக்க வேண்டும், அல்லது வேறொருவர் அதைச் சிரமமின்றி எழுதிக் கொள்ளும் அளவுக்கு விவரங்கள் தரப்பட வேண்டும் என்கிறது வரையறை.

ஆர்டுயினோ: கடையில் நீங்கள் பார்க்கப் போவது

இப்போது கடைக்காரர் சொன்ன போர்டுக்கு வருவோம். ஆர்டுயினோ 2005ல் இத்தாலியின் இவ்ரியா நகரில், ஒரு டிசைன் கல்வி நிறுவனத்தில் பிறந்தது. மாசிமோ பான்சி, டேவிட் குவார்டியெல்லஸ் உள்ளிட்ட ஐவர் சேர்ந்து, எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களுக்காகச் செய்த போர்டு. யு.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, சின்ன புரோகிராம் எழுதினால் விளக்கு எரியும், மோட்டார் சுற்றும். 2010ல் வந்த ஊனோ மாடல்தான் பள்ளிப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது. அதில் இருப்பது 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 2 கிலோபைட் ராமும் கொண்ட சிப். உங்கள் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டுச் சிரிக்க வேண்டாம். செடிக்குத் தண்ணீர் விட இதுவே தாராளம்.

ஊனோவின் டிசைன் பைல்கள் ஈகிள் வடிவிலேயே கிடைக்கின்றன. லைசென்ஸ் கிரியேட்டிவ் காமன்ஸ் வகை. பெயர் குறிப்பிட்டு, மாற்றியதையும் அதே லைசென்ஸில் வெளியிட்டால் போதும், விற்கலாம். அதனால்தான் பல கம்பெனிகள் இதே போர்டைத் தயாரித்துக் குறைந்த விலைக்கு விற்கின்றன. இவற்றை குளோன் என்பார்கள். குளோன் சட்ட விரோதம் அல்ல.

ஆனால் ஒரு பொருளை எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுத்தவர், தன் பெயரையும் சேர்த்துக் கொடுக்கவில்லை. ஆர்டுயினோ என்ற பெயரும் அதன் சின்னமும் டிரேட்மார்க். வேறு கம்பெனி தயாரித்த போர்டில் அந்தச் சின்னத்தை அச்சிட்டு ஒரிஜினல் போல விற்றால் அது குளோன் அல்ல, போலி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ வாங்கும்போது, 'ஊனோ மாதிரி' என்று தன் சொந்தப் பெயரில் வரும் போர்டைத் தாராளமாக வாங்கலாம். ஒரிஜினல் சின்னம் இருந்து, விலை மட்டும் மிகவும் குறைவாக இருந்தால் யோசியுங்கள். பெயரையே திருடியவர், உள்ளே போட்ட பாகத்தில் மட்டும் நேர்மையாக இருப்பாரா?

இன்னொரு விஷயம். விலை குறைந்த பல குளோன்களில் கம்ப்யூட்டரோடு பேசும் யு.எஸ்.பி. சிப் மட்டும் வேறாக இருக்கும், பெரும்பாலும் சி.எச்.340 என்ற சீனத் தயாரிப்பு. கேபிளை மாட்டியும் கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் போர்டு பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தச் சிப்புக்கான டிரைவரைத் தனியாக இன்ஸ்டால் செய்து பாருங்கள்.

உள்ளே உள்ள சிப்பும் ஓப்பனா?

கூர்மையான வாசகர் ஒருவர் இந்த இடத்தில் மடக்கலாம். ஊனோ போர்டின் நடுவில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் ஏ.டி.மெகா328பி சிப்பின் டிசைன் எங்கே? அது கிடைக்காது. அட்மெல் கம்பெனியின் தயாரிப்பு அது. 2016ல் அந்த கம்பெனியை மைக்ரோசிப் வாங்கியது. சிப்பை எப்படிப் பயன்படுத்துவது என்ற விவரம் எல்லாம் கிடைக்கும்; எப்படிச் செய்வது என்பது கிடைக்காது.

அப்படியானால் ஊனோ ஓப்பன் இல்லையா? இங்கே வரையறை நடைமுறையைப் பார்க்கிறது. டிசைனில் எந்தெந்தப் பகுதிகள் ஓப்பன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். போர்டைச் செய்தவர் தன் கையால் செய்ததை எல்லாம் திறந்து வைக்க வேண்டும்; கடையில் வாங்கிப் போட்ட சிப்புக்கு அவர் பொறுப்பல்ல. கிணற்றின் நீளத்துக்குக் கயிறு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், சிப்பில் தொடங்கி சிப்பைச் செய்யும் மெஷின் வரை போக வேண்டியிருக்கும். உலகில் ஒரு பொருளும் தேறாது.

ராஸ்ப்பெரி பையை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். 2012 பிப்ரவரி 29ல் விற்பனைக்கு வந்த, உள்ளங்கை அளவுள்ள இந்த பிரிட்டிஷ் கம்ப்யூட்டரைப் பலரும் ஓப்பன் ஹார்ட்வேர் என்றே நினைக்கிறார்கள். லினக்ஸ் ஓடுவதால் வந்த எண்ணம் அது. சுருக்கப்பட்ட சர்க்யூட் படங்களே வெளியிடப்பட்டன. பிரதான போர்டின் வரைவு பைல்கள் வெளியாகவில்லை. இது குறை சொல்வதற்காக அல்ல. குறைந்த விலையில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்க அது அருமையான கருவி. ஆனால் ஓப்பன் ஹார்ட்வேர் அல்ல. 2013ல் வந்த பீகிள்போன் பிளாக் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் போர்டு. அதன் சர்க்யூட், போர்டு வரைவு, பாகங்களின் பட்டியல் எல்லாம் கிடைக்கின்றன. பெர்லினில் உள்ள எம்.என்.டி. என்ற சிறிய கம்பெனி, ரிபார்ம் என்ற லேப்டாப்பையே இப்படி ஓப்பனாகத் தயாரிக்கிறது. விலை அதிகம், வேகம் குறைவு. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சிப் பற்றிய பேச்சு வந்ததால் ரிஸ்க்-5 பற்றியும் ஒரு வார்த்தை. 2010ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவானது இது. 'ஓப்பன் பிராசசர்' என்று செய்திகளில் எழுதுகிறார்கள். அது அரைகுறை உண்மை. ரிஸ்க்-5 என்பது பிராசசர் அல்ல. கூட்டு, கழி, நினைவகத்திலிருந்து எடு என்று பிராசசருக்குக் கொடுக்கும் கட்டளைகளின் பட்டியல். அந்தப் பட்டியலை யாரும் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம். அதை வைத்து ஒரு கம்பெனி தயாரிக்கும் சிப்பின் டிசைன் முழு ரகசியமாகவும் இருக்கலாம், ஓப்பனாகவும் இருக்கலாம். ஓப்பனாகச் செய்ததற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசசர் ரிஸ்க்-5 கட்டளைகளைப் பயன்படுத்துகிறது; அதன் டிசைன் வரிகள் பி.எஸ்.டி. லைசென்ஸில் வெளியிடப்பட்டுள்ளன. 2018ல் அந்த டிசைனில் ஒரு சிப் அமெரிக்காவில் இன்டெல் தொழிற்சாலையிலும், இன்னொன்று சண்டிகருக்கு அருகில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆய்வகத்திலும் தயாரானது. எனவே 'ரிஸ்க்-5 சிப்' என்று பெட்டியில் பார்த்தவுடன் ஓப்பன் என்று முடிவு செய்யாதீர்கள்.

இன்று ஓப்பன், நாளை?

ஓப்பன் என்ற நிலை ஒரு கம்பெனியோடு நிரந்தரமாக ஒட்டிக் கொள்வது அல்ல. 2005ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ரேப் என்ற 3டி பிரிண்டர் திட்டத்தைத் தொடங்கினார். தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிட்டுக் கொள்ளும் பிரிண்டர் அது. டிசைன் முழுவதும் எல்லோருக்கும் திறந்திருந்தது. அதை அடித்தளமாக வைத்து 2009ல் நியூயார்க்கில் மேக்கர்பாட் கம்பெனி பிறந்தது. அவர்களும் டிசைனை வெளியிட்டார்கள். வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து குறைகளைச் சரி செய்து, திருத்திய பைல்களைத் திருப்பி அனுப்பினார்கள். பிரிண்டர் நன்றாக வளர்ந்தது. 2012 செப்டம்பரில் ரெப்ளிகேட்டர் 2 மாடல் வந்தபோது, அதன் டிசைனை வெளியிடப் போவதில்லை என்று கம்பெனி முடிவு செய்தது. திருத்தி அனுப்பியவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவரான சாக் ஸ்மித்தே, அதற்குள் வெளியேறியிருந்தவர், இதை வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஆனால் கம்பெனியால் முடியாத காரியம் ஒன்று இருந்தது. பழைய மாடல்களின் டிசைனைத் திரும்பப் பெற முடியவில்லை. அனுமதி ஒரு முறை கொடுத்தால் கொடுத்ததுதான். அந்தப் பழைய டிசைன்களை வைத்து வேறு கம்பெனிகள் பிரிண்டர்களைத் தயாரித்து விற்றன. பழைய மாடலை வாங்கியவர் நட்டப்படவில்லை.

சட்டத்தில் ஒரு சிக்கலும் உண்டு. சாப்ட்வேர் லைசென்ஸ்கள் காப்பிரைட்டின் பலத்தில் நிற்கின்றன. ஹார்ட்வேரில், வரைந்த படத்துக்கு காப்பிரைட் உண்டு. அதைப் பார்த்துச் செய்த, வேலை செய்யும் பொருளுக்குப் பொதுவாகக் கிடையாது. பொருளைத் தடுக்க பேட்டன்ட் வேண்டும். இதையெல்லாம் யோசித்து ஹார்ட்வேருக்கென்றே சில லைசென்ஸ்கள் எழுதப்பட்டன. 2007ல் டாப்ர் என்ற அமெச்சூர் ரேடியோ அமைப்பு ஒன்றை வெளியிட்டது. அணு ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற ஜெனீவாவின் செர்ன் 2011ல் தன்னுடையதை வெளியிட்டது. 2020ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் மூன்று வகை உண்டு. எஸ் என்ற வகையில், மாற்றியவர் தன் மாற்றத்தையும் திறந்தே வைக்க வேண்டும். பி என்ற வகையில் அந்தக் கட்டாயம் இல்லை. டபிள்யூ இரண்டுக்கும் நடுவே. மூன்றுமே ஓப்பன்தான்.

வாங்கும் முன் எப்படிப் பார்ப்பது?

பெட்டியில் உள்ள சொல்லை நம்ப வேண்டாம். பற்சக்கரம் போன்ற ஒரு சின்னம் ஓப்பன் ஹார்ட்வேருக்கு உண்டு. அதை யார் வேண்டுமானாலும் தங்கள் போர்டில் அச்சிட முடியும் என்பதால் அதுவும் முழு உத்தரவாதம் அல்ல. தயாரிப்பாளரின் வெப்சைட்டுக்குப் போய் டிசைன் பைல்களைத் தேடுங்கள். பி.டி.எப். மட்டும் இருந்தால் அது போட்டோ என்பது நினைவிருக்கட்டும். பைல்களோடு லைசென்ஸ் என்ற பெயரில் ஒரு சிறிய பைல் இருக்க வேண்டும். அப்படி ஒன்றுமே இல்லை என்றால், அனுமதி கொடுக்கப்படவில்லை என்றுதான் எடுத்துக் கொள்ள வேண்டும். இருந்தால் 'என்.சி.' என்ற எழுத்துக்கள் உள்ளனவா என்று பாருங்கள்.

ஓப்பன் சோர்ஸ் ஹார்ட்வேர் அசோசியேஷன் 2016 அக்டோபர் முதல் சான்று எண்ணும் கொடுத்து வருகிறது. தயாரிப்பாளரே உறுதிமொழி கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பொய் என்று தெரிந்தால் அபராதம் உண்டு. நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள், அதன் பின் ஆறு இலக்கங்கள் என்று அந்த எண் இருக்கும். இந்தியாவுக்கு 'ஐ.என்.', அமெரிக்காவுக்கு 'யு.எஸ்.'. பதிவு செய்வது கட்டாயம் இல்லை என்பதால், எண் இல்லாத போர்டு எல்லாம் ஓப்பன் அல்ல என்று சொல்ல முடியாது. எண் இருந்தால் மட்டும் அதை அசோசியேஷனின் வெப்சைட்டில் டைப் செய்து பாருங்கள். டிசைன் பைல்கள் இருக்கும் இடமும், ஹார்ட்வேருக்கு எந்த லைசென்ஸ், சாப்ட்வேருக்கு எந்த லைசென்ஸ், விளக்கக் குறிப்புகளுக்கு எந்த லைசென்ஸ் என்பதும் தனித்தனியாகத் தெரியும்.